பூசணியில் கை வைத்தவர்கள்

சைக்காலுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. தலைநகரம் பிஷ்கெக்கில் ஐந்து வருடம் விவசாயம் படித்தாள். அந்தப் பாடம் மட்டும் அங்கே இல்லை. பேராசிரியர் தப்பாகச் சொன்னால் அப்போதே எழுந்து சொன்னாள். ஜெபவீட்டில் பாடல்குழுவுக்குச் சுருதி இறங்கினால் கடைசி பெஞ்சிலிருந்தே சொன்னாள். அப்படிப்பட்டவள், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், தன் பூசணிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு நாள் எதுவும் பேசாமல் இருக்க முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கையில் ஒரு பழைய கோகோ டப்பா. அதன் அடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து: கோ.பெ. உள்ளே கால் பங்கு யூரியா.

கோ.பெ. என்றால் கோர்னெலியுஸ் பென்னர். சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன். இந்தக் கோக்-அரிக் கிராமத்து ஜெர்மன்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போனபோது, "அங்க போய் அடுக்குமாடியில என்னத்த நடுறது?" என்று கேட்டு இங்கேயே தங்கிவிட்ட எழுபது வயது மனிதர். மண்வெட்டி, வாளி, செருப்பு என்று எல்லாவற்றிலும் தன் பெயரைக் கீறி வைப்பார். ஊரே அவரைக் கோர்னெய் மாமா என்று கூப்பிடும்.

டப்பா கிடைத்த இடம்தான் விவகாரம். அது சைக்காலின் பாத்தியில், அவள் பரப்பிய வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. சுற்றிலும் கரையாத வெள்ளை மணிகள்.

மார்ச் மாதத்தில் ஆரம்பித்தது இது. 'கடுகு விதை' என்ற அமைப்பில் மொத்தம் மூன்றரைப் பேர். நாற்பது வீட்டுக் கொல்லைகளில் மட்கு உரம் போடச் சொல்லிக்கொடுக்கும் சைக்கால். சமையலும் சாவிக்கொத்துமாக ஸீனா அக்கா. தலைவர் என்ற பெயரில் பாஸ்டர் ரோமன் ஹெகாய். மீதி அரை கோர்னெய் மாமா. கமிட்டியில் இருந்துகொண்டே கமிட்டியை எதிர்ப்பது அவர் வேலை. ஜெபவீட்டுக்குப் பின்னால் இருக்கும் முப்பது சென்ட் நிலம்தான் அமைப்புக்கு எல்லாமே. மருந்து, செயற்கை உரம் இல்லாமல் விளைவித்துக் காட்டும் இடம் அது. அது போனால் காட்ட ஒன்றுமில்லை. காட்ட ஒன்றுமில்லை என்றால் வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்கள் கையை விரிப்பார்கள். சைக்கால் நாரின் மலைக்குத் திரும்பிப் போய் அப்பாவின் ஆடுகளை எண்ண வேண்டியதுதான்.

அந்த நிலத்தைத்தான் மார்ச் கூட்டத்தில் கோர்னெய் மாமா கேட்டார், ஸ்ட்ராபெரிக்கு.

"மூணு வருஷமா பாக்குறேன். குப்பையைக் கிளறுது இந்தப் பொண்ணு. குப்பைதான் வளருது."

"உங்க மண்ணைத் தோண்டிப் பாருங்க மாமா, ஒரு புழு இருக்கா?"

"எனக்குப் புழு எதுக்கு? நான் என்ன கோழியா?"

பாஸ்டர் ரோமன் கொரிய வம்சம். இரண்டு பேர் குரலை உயர்த்தினால் உடனே சமரசம் தேடுவார். பைபிளில் சண்டை தீர்க்க சாலொமோன் ராஜா பிள்ளையை இரண்டாக வெட்டச் சொன்னார்; இவர் பூசணி நடச் சொன்னார். ஒரே பையில் எடுத்த விதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி, வாய்க்கால் தண்ணீர் சமமாக. கோர்னெய் மாமாவுக்கு அவருடைய யூரியா, சைக்காலுக்கு அவளுடைய மட்கு. கொடிக்கு ஒரு காய். அறுப்பின் பண்டிகையன்று சபைக்கு முன்னால் தராசு. எது கனமோ அவருக்கே நிலம்.

ஊரிலிருந்து அப்பா போனில் சிரித்தார். "சாணி அள்ளவா அஞ்சு வருஷம் படிச்ச? நான் படிக்காமலே அள்ளிட்டிருக்கேனே?" சிரித்த கையோடு, கிண்டலுக்கென்றே இரண்டு மூட்டை ஆட்டுப் புழுக்கையை வேனில் ஏற்றி அனுப்பினார். புழுக்கையை வீணாக்குகிற பழக்கம் சைக்காலுக்கு இல்லை. கக்கூஸுக்குப் பின்னால் கிடந்த போன வருட மட்குக் குவியலில் கொட்டி மூடிவிட்டு மறந்துபோனாள்.

ஜூலையில் அவள் பூசணி ஊத ஆரம்பித்தது. எப்பேர்ப்பட்ட ஊதல்! வாரத்துக்கு வாரம் சுற்றளவை நாடாவால் அளந்து நோட்டில் எழுதினாள். மட்கின் மகிமை என்று பக்கத்தின் ஓரத்தில் மூன்று கோடு இழுத்தாள். கோர்னெய் மாமாவின் கொடியோ ஆகஸ்டில் வெளுத்து, காய்ச்சல்காரன் மாதிரி படுத்துவிட்டது.

இப்போது புரிந்தது. மகிமை மட்குக்கு இல்லை. கோகோ டப்பாவுக்கு.

அவளுக்குக் காது வரை சூடு ஏறியது. ஓடிப்போய் அந்தக் கிழவரின் கேட்டை உதைக்க வேண்டும். எழுந்தும் விட்டாள். எழுந்த பிறகுதான் மண்டையில் தட்டியது: சொன்னால் போட்டி ரத்து. போட்டி ரத்தானால் நிலம்? சொல்லாவிட்டால் நாளைக்கு இந்தக் குண்டுப் பூசணி தராசில் ஏறும், நிலம் அவளுடையது. கிழவர் தானாக வாயைத் திறக்கப் போவதில்லை. எதிராளிக்கு உரம் போட்டேன் என்று எந்த மனிதன் சொல்லுவான்?

அவளும் ஒன்று செய்திருந்தாள்தான். ஆகஸ்டில், அந்த வெளுத்த கொடியைப் பார்க்கச் சகிக்காமல், இரண்டு வாளி மட்கை அவர் பாத்தியில் புதைத்திருந்தாள். ஆனால் அது இரக்கம். இது மோசடி. இரண்டும் வேறு என்று அவள் சனிக்கிழமை மத்தியானமே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

டப்பாவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஜெபவீட்டு மேடையில் கால் வைக்க இடமில்லை. கோதுமைக் கதிர்க் கட்டு, திராட்சை, ஆப்பிள், ஊறுகாய் ஜாடிகள், மண்டை அளவு ரொட்டி. நடுவில் இரண்டு பூசணி. வலப்பக்கம் சைக்காலுடையது, கன்றுக்குட்டி மாதிரி. இடப்பக்கம் கோர்னெய் மாமாவுடையது, அந்தக் கன்றுக்குட்டி போட்டது மாதிரி. உருளைக்கிழங்கு வியாபாரியிடம் இரவல் வாங்கிய தராசு ஓரமாக நின்றது.

கெட்ட நேரம், அது மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பம் பிட்கும் திருவிருந்து நாள். பிட்குமுன் பாஸ்டர் கேட்பார். கேட்டார்.

"யாருக்காவது யார்கிட்டயாவது மனக்குறை இருந்தா, மறைச்சு வெச்சது ஏதாவது இருந்தா, இப்பவே சொல்லித் தீத்துக்கலாம்."

சைக்கால் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன் வரிசையில் கோர்னெய் மாமாவின் பிடரி சிவந்திருந்தது. எப்போதும் சிவந்துதான் இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்து எண்ணினால் பாஸ்டர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். ஒன்று, இரண்டு, மூன்று.

நாலில் ஸீனா அக்கா எழுந்தாள். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அக்கா மாதாமாதம் எழுவாள். போன மாதம் பக்கத்து வீட்டுச் சேவலைச் சபித்ததற்காக எழுந்தாள்.

"நான் சைக்கால் பூசணிக்குப் பால் குடுத்தேன்," என்றாள் ஸீனா அக்கா. "ஆட்டுப்பால். சக்கரை கலந்து. காம்புல சின்னதா கீறி, பாலுல நனைஞ்ச திரிய வெச்சு. ரெண்டு மாசமா. பாவம், இந்தப் பொண்ணு தோத்துட்டா ஊருக்குப் போயிடும். அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?"

"பாலுமா?" சைக்கால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "யூரியா பத்தாதுன்னு பாலுமா?"

சபை மொத்தமும் திரும்பியது.

"என்ன யூரியா, சகோதரி?" என்றார் பாஸ்டர்.

சைக்கால் வாயை மூடினாள். மூடியது காலதாமதம். கோட்டுப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, நடந்து போய், அப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நேத்து என் பாத்தியில கெடச்சுது. நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல. நிலம் வேணும்ங்கறதால சொல்லல. இந்தப் பூசணி என்னுது இல்ல. யாருதுன்னு டப்பாவோட அடியில எழுதியிருக்கு."

கோர்னெய் மாமா மெல்ல எழுந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"தேடாத எடமில்ல," என்றார். "இந்த டப்பா எனக்கு நாப்பது வருஷமா இருக்கு."

"மாமா!"

"இரு, சொல்றேன். ஜூன் மாசம் அந்தச் செடியப் பாத்தேன். விரல் தண்டி இருந்துச்சு. ரெண்டு நாள் மனசு கேக்கல. எதிராளி செடியா இருந்தா என்ன, பசின்னா பசிதானே? ஒரு டப்பா போட்டேன். வாங்கிக்கிச்சு. அப்புறம் நிறுத்த முடியல. மூட்டையில பாதி இவ பாத்திக்குத்தான் போச்சு. அதான் என்னுது வத்திப்போச்சு."

"உங்களுது வத்தினதப் பாத்து நான் மட்கு வெச்சேன்!" சைக்கால் கத்தினாள். "ரெண்டு வாளி! பசிக்குதேன்னு!"

"என் பாத்தியிலயா? உன் குப்பையையா?" அவர் உண்மையிலேயே புண்பட்டுவிட்டார். "என்னைக் கேக்காமலா?"

"நீங்க கேட்டீங்களா?"

பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். முகம், மேடையில் அவர் வைத்த கொரியக் காரட் ஊறுகாயின் நிறத்துக்கு வந்திருந்தது. "நானும் சொல்லிடுறேன். ரெண்டு காயும் ஒரே எடையா இருக்கணும்னு நான் தினமும் காலையில ஜெபிச்சேன்."

சபை வலப்பக்கம் பார்த்தது. இடப்பக்கம் பார்த்தது.

"அது கேக்கப்படல, பாஸ்டர்," என்றார் கோர்னெய் மாமா.

பின் வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு அப்பத்தை விக்கலோடுதான் பிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் வேடிக்கைக்காக இரண்டையும் நிறுத்தார்கள். ஐம்பத்தெட்டு கிலோ, முப்பத்தொன்பது கிலோ. இரண்டும் செல்லாது என்று பாஸ்டர் அறிவித்தார். நிலத்தைப் பற்றி அறிவிக்க அவருக்குத் துணிவில்லை. சைக்கால் கேட்டே விட்டாள்.

"அப்ப நிலம்?"

"போட்டி இல்லேன்னா மார்ச்சுல கேட்டது கேட்டதுதான்," என்றார் கோர்னெய் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஸ்ட்ராபெரி."

சைக்கால் தன் குண்டுப் பூசணியை முறைத்தாள். நேற்று வாயை மூடியவள் இன்னும் ஒரு மணி நேரம் மூடியிருந்தால்! ஸீனா அக்கா ஒருத்தி எழுந்து தொலைக்காமல் இருந்தால்!

அந்த ஸீனா அக்காவோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வேறு கவலையில் நின்றாள். "பண்டிகைச் சமோசாவுக்குள்ள வைக்கப் பூசணி எங்க? இதை நான் பிள்ளைங்களுக்குப் போட மாட்டேன். ஒண்ணு முழுக்க மருந்து, இன்னொண்ணு பாதி மருந்து. யாராவது கக்கூஸுக்குப் பின்னால போய் அந்த இன்னொரு காயைத் தூக்கிட்டு வாங்க."

"எந்த இன்னொரு காய்?" இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது.

"போன வருஷம் பண்டிகைக்கு நறுக்கின பூசணியோட குடல அந்தக் குவியல்லதானே கொட்டினேன்? ஒண்ணு மொளச்சு ஓடுதே. நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாத்தானே! கண்ணு பூரா எதிராளி பாத்தியில."

கோர்னெய் மாமாவின் முழங்கால் அன்று எப்படி அப்படி ஓடியதோ. தோலை எரிக்கும் காஞ்சொறிச் செடிகளைக் கோட்டுக் கையால் விலக்கினார். குவியலின் மேல், இலைகளுக்கு நடுவில், ஆரஞ்சு நிறத்தில், யாரையும் சட்டை பண்ணாமல் உட்கார்ந்திருந்தது.

அவர் அதைச் சுற்றி வந்தார். வெள்ளை மணி தேடினார். காம்பில் கீறல் தேடினார். பிறகு நிமிர்ந்து, நீதிமன்றக் குரலில் கேட்டார்:

"இதுல யார் கை வெச்சது? இப்பவே சொல்லிடுங்க. தண்ணி ஊத்தினது?"

யாருமில்லை.

"பால்?"

"இதுக்கு எதுக்குப் பால்? இதுதான் நல்லா இருக்கே," என்றாள் ஸீனா அக்கா.

"ஜெபம்?"

பாஸ்டர் தலையை ஆட்டினார். "இது இருக்கறதே எனக்குத் தெரியாது."

நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். தராசு முள் ஆடி ஆடி நாற்பத்து மூன்றில் நின்றது, கோர்னெய் மாமாவுடையதை விட நாலு கிலோ அதிகம்.

கோர்னெய் மாமா திரும்பக் குவியலுக்குப் போனார். குனிந்து, விரலை முட்டி வரை உள்ளே விட்டார். ஒரு பிடி எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் உள்ளங்கையில் கொழுத்த ஒரு மண்புழு நெளிந்தது. அவர் அதைப் பார்த்தார். அதை உதறவில்லை.

"நாலு வரி மட்டும் ஸ்ட்ராபெரி, மீதி உனக்கு," என்றார்.

"ஒரு வரி கூட இல்ல."

"வாய்க்கால் ஓரமா ரெண்டு வரி. யூரியா இல்லாம."

"டப்பா?"

"டப்பாவ நீயே வெச்சுக்க." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, குடுத்துடு. தண்ணி மொள்ள ஆகும்."

சாயங்காலம், பூசணிச் சமோசாவின் எண்ணெய் விரலிலிருந்து போகுமுன்னே, சைக்கால் அப்பாவுக்குப் போன் போட்டாள். நிலம் கிடைத்த கதையைப் பெருமையோடு முழுவதும் சொன்னாள். மறுமுனையில் ஆடுகள் கத்தின. அப்பா நிதானமாகக் கேட்டார்:

"அப்ப நீ அளந்து, எழுதி, பாத்துப் பாத்து வளத்தது செல்லாது. நீ மறந்துபோனது ஜெயிச்சுது."

"அந்தக் குவியல் நான் போட்டது அப்பா! மட்குன்னா என்னன்னு..."

"மேல கொட்டின புழுக்கை யாருது?"

சைக்கால் விரலிலிருந்த எண்ணெயைக் கோட்டில் துடைத்தாள்.

"நம்ம ஆடு ஜெயிச்சுருக்கு," என்றார் அப்பா. "அதுங்க எதுவும் படிக்கல. அடுத்த வாரம் நாலு மூட்டை அனுப்புறேன்."