முதிகால் பேட்டரி

பரமத்தி வேலூர் வெற்றிலை மண்டி ராசப்பன் மகன் ஜெகதீஸ்வரன், ஒரு தடவை முழுசாகச் சார்ஜ் ஏறினால் வேலூரில் கிளம்பிய பஸ் நாமக்கல் போய்ச் சேரும் வரைக்கும் தாங்குவான். அப்புறம் அணைந்துவிடுவான். கண் திறந்தபடி இருக்கும், மூச்சு ஓடும், கையில் டீ கிளாஸ் இருந்தால் ஒரு சொட்டுச் சிந்தாது. ஆள் மட்டும் இருக்க மாட்டான். மறுபடி ஏறத் தொடங்கும்போது இடது காது மடலில் கடுகளவு சிவப்பு வெளிச்சம் எரியும், நிறைந்ததும் பச்சையாகும். பச்சை விழுந்த கணம், விட்ட பேச்சை விட்ட சொல்லிலிருந்தே பிடித்துக்கொள்வான். நாமக்கல் பஸ் கண்டக்டர்களுக்கு இது பழகிவிட்டது. நிழலாகப் பார்த்து அவனை உட்கார வைத்து, பையை மடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஒரு டாக்டர் ரத்தம், இருதயம், மூளை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, எல்லாமே சரியாக இருக்கிறது, ஆளை வெயிலில் மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அவன் பிறவியில் அப்படி இல்லை. முப்பத்தைந்து வயது வரைக்கும் ஊரில் எல்லாரையும் போல, தேவையில்லாத நேரத்திலெல்லாம் விழித்திருந்தவன்தான். வினை வியாபாரத்தில் வந்தது. வெற்றிலை மண்டிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு உலகத்திலேயே பிடிக்காத சரக்கு வெற்றிலை. லாரி ஒரு டீக்கு நின்றால் வாடும், மழை பிடித்தால் அழுகும், முகூர்த்தம் இல்லாத மாதத்தில் சீந்த ஆள் இருக்காது. இலை வாடும்போதெல்லாம் கூடவே அப்பன் முகமும் வாடுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன், விற்றால் வாடாத சரக்கைத்தான் விற்பேன் என்று சபதம் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் மொபைல் கடை போட்டான். வாடாத சரக்கு என்று அவன் தேடிப் பிடித்தது பேட்டரி போட்ட சாமான்களை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அவனே பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான்.

சேலத்தில் ஒரு மொத்த வியாபாரி கடையைக் காலி செய்தார். டேப்லெட்டில் எழுதுகிற பேனாக்களும், அதோடு ஒட்டிக்கொள்கிற கீபோர்டுகளும் சீல் உடைக்காமல் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அந்த டேப்லெட்டைக் கம்பெனி நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. ஆனால் வைத்திருப்பவர்கள் விட மாட்டார்கள், அதற்கு வேறு பேனா சேராது, எப்படியும் தேடிக்கொண்டு வருவார்கள் என்று ஜெகதீஸ்வரன் கணக்குப் போட்டான். கணக்கு சரிதான். சேலத்துக்காரரும் பொய் சொல்லவில்லை. ஓல்டு ஸ்டாக்குங்க, ஓல்டு ஸ்டாக்குங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டது வேலூர்க் காது, அங்கேதான் கெட்டது. வேலூர் ஏலத்தில் வெற்றிலை இளங்கால், முதிகால் என்று இரண்டாகப் பிரியும். புதிதாக நட்ட வெற்றிலைத் தோட்டத்தில், அதாவது கொடிக்காலில், கிள்ளியது இளங்கால். நட்டு ஆண்டு கண்ட கொடிக்காலில் கிள்ளியது முதிகால். விலை மட்டுதான். ஆனால் வயசு கொடிக்கு. இலை இன்றைக்குக் காலையில் கிள்ளியது, பச்சென்று இருக்கும். ஓல்டு ஸ்டாக் என்றதும் ஜெகதீஸ்வரன் மனசுக்குள் முதிகால் என்று எழுதிக்கொண்டான். மாடல்தான் பழசு, பேட்டரி பச்சென்று இருக்கும், பெட்டியைத்தான் பிரிக்கவே இல்லையே, பிரிக்காத பெட்டிக்குள் வயசு எந்த வழியாகப் போகும் என்று நினைத்தான். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு தப்பைச் செய்ய ஆசைப்பட்டாலும் செய்திருக்க முடியாது.

வயசு போயிருந்தது. லித்தியம் பேட்டரிக்கு வயசு பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து இல்லை, செய்த நாளிலிருந்தே ஏறுகிறது. உழைத்தாலும் ஏறும், சும்மா கிடந்தாலும் ஏறும். வெறும் வயிற்றோடு வருஷக்கணக்கில் கிடந்துவிட்டால் பிறகு எவ்வளவு ஊட்டினாலும் வாயைத் திறக்காது. பாதிப் பேனாக்கள் சார்ஜே ஏற்கவில்லை. மீதி, நிறைந்துவிட்டதாகக் காட்டி, ஒரு கையெழுத்துப் போடுவதற்குள் செத்தன. கீபோர்டுகள் சில, பந்தியில் அளவு தெரியாமல் தின்றவர்களைப் போல நடுவில் உப்பிக் கிடந்தன. ராசப்பன் ஒரு நாள் வந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார்.

"என்ற சரக்கு வாடுனா எருக்குழிக்காச்சும் ஆகும் சாமி. இது எதுக்காகும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் இன்னும் வலித்தது.

வலி பொறுக்காமல் யோசித்தபோதும் அவனுக்கு வந்தது வெற்றிலைப் புத்திதான். வாடிய சுமை வந்தால் அவர்கள் மண்டியில் கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்து, வாழை மட்டையில் சுற்றி, சாக்குப் போர்த்தி, பக்கத்தில் ஒருத்தர் கூடவே படுத்துக்கொள்வார்கள். ஆள் துணை இருந்தால் இலை தெளியும் என்று ஒரு வழக்கம். டிப்ளமோ படித்தவன் என்பதால் தண்ணீர் மட்டும் ஆகாது என்கிற அறிவு அவனுக்கு இருந்தது. மற்றதையெல்லாம் முறைப்படி செய்தான். பேனாக்களை வாழை மட்டையில் சுற்றி, சாக்குப் போர்த்தி, கடைக்குள்ளேயே துணைக்குப் படுத்தான். விடிந்து பார்த்தால் பேனாக்கள் எல்லாம் பிறந்த குழந்தைகளாக விழித்துக் கிடந்தன. எழுந்திருக்காதது இவன்தான். காலை ஆகாரம் கொண்டுவந்த அம்மா சென்னியம்மாள், மகன் காதில் சிவப்பாக மின்னுவதைப் பார்த்து, கம்மல் குத்திக்கொண்டான் என்று நினைத்து, பச்சை விழுந்து அவன் எழுந்து உட்காரும் வரைக்கும் திட்டித் தீர்த்தாள்.

நடந்தது என்ன என்று ஊருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. பேனாவின் வயசு இவனுக்கு வந்தது, இவனுடைய இளமை பேனாவுக்குப் போயிற்று. இருந்ததே கொஞ்சம், அதையும் பங்கு வைத்துவிட்டான் என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள். சரக்கு பறந்தது. கெங்கவல்லி வரைக்கும் கூரியர் போயிற்று. வாங்கியவர்கள் சார்ஜ் போடுவதையே மறந்துவிட்டோம் என்று ஆன்லைனில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டார்கள். சரக்குத் திரும்பி வந்தால் இளமையும் திரும்பும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். யார் தருவார்கள்? தந்தாலும், ஏலம் முடிந்த சரக்கைத் திருப்பி வாங்குவது ராசப்பன் மண்டியில் மூன்று தலைமுறையாக இல்லாத கேவலம்.

அவனுக்கு மற்றதெல்லாம் பொறுத்துப்போயிற்று. பொறுக்காதது கல்யாணம். அவனுக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் ஒரு தட்டு வேண்டும், சொன்னதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்கிற அளவுக்குத்தான். வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் தன்னையே கேலி பண்ணிக்கொள்வான். நம் பக்கத்துப் பையன்களுக்குப் பெண் கிடைக்காத பஞ்சம் ஏற்கெனவே தெரிந்ததுதான். தரகர் கண்ணுசாமி ஜாதகத்தில் வயசைக் கொஞ்சம் குறைத்துப் போடலாமா என்று கேட்டபோது அவன் சொன்னது ஊரெல்லாம் பரவிற்று.

"நானும் சீல் உடைக்காத சரக்குத்தானுங்க. ஆனா செஞ்ச தேதி மூஞ்சியிலயே அடிச்சிருக்குதே, அதை என்னங்க பண்றது?"

பெண் பார்க்கப் போகிற வழியிலேயே பாதிச் சார்ஜ் தீர்ந்துவிடும். திருச்செங்கோட்டில் ஒரு வீட்டில் கேசரி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்தது. பையன் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். நானுங்க சொந்தமா, என்று ஆரம்பித்தவன் அத்தோடு அணைந்தான். அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், காத்திருந்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள், பிறகு பெண்ணின் அப்பா ஒரு தூக்கம் போட்டு எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய் வந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில், கடை வெச்சிருக்கறனுங்க, என்று அவன் வாக்கியத்தை முடித்தபோது கேட்க அம்மா மட்டும்தான் இருந்தாள். வண்டியில் திரும்பும்போது சென்னியம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் கண்ணுசாமி போனை எடுப்பதில்லை.

கிருத்திகா ஜலகண்டாபுரத்திலிருந்து வந்தது கல்யாணம் பேச அல்ல, சந்தேகம் கேட்க. தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். சேலைக்குக் கரையும் முந்தியும் டேப்லெட்டில் வரைந்து தருவது அவள் வேலை. அந்தப் பழைய டேப்லெட்டில்தான் அவளுக்குக் கை படியும். அதற்காக ஊர் ஊராகப் பழைய சரக்குப் பேனாக்கள் வாங்கி, ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் பார்த்து, சாகக் கொடுத்தவள். இவனிடம் வாங்கிய பேனா மட்டும் பொங்கலிலிருந்து சார்ஜே கேட்கவில்லை. நல்லது நடந்தால் சந்தேகப்படுகிற சுபாவம் அவளுக்கு. வயசு இவனுடையதுதான், வந்த ஜாதகமெல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் சேராமல் போய், வீட்டில் அந்தப் பேச்சையே நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பேனாவுக்கு என்ன பண்ணினீர்கள் என்று கேட்டாள். அவன், அதுங்க, சொன்னா நீங்க, என்று ஆரம்பித்து அணைந்துபோனான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைக்கு வந்தவர்களுக்கு ஒரு சார்ஜரும் போன் மேல் ஒட்டுகிற ஒரு கண்ணாடியும் விற்றுக் கொடுத்தாள். காதில் எரிந்த சிவப்புப் புள்ளியை, வேலை தெரிந்தவள் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தாள். பச்சை விழுந்து, சிரிக்கக் கூடாதுங்க, என்று அவன் முடித்தபோது அவள் சிரிக்கவில்லை. முதிகாலிலிருந்து வாழை மட்டை வரைக்கும் முழுக் கதையையும் கேட்டாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"எடுத்துக்குங்க. இது உங்களுது."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வழக்கம்போலக் கேலிதான் வாயில் வந்தது, ஆனால் குரல் உடைந்து வந்தது. "வித்ததைத் திருப்பி வாங்கற பழக்கம் எங்க மண்டில இல்லீங்க. நீங்களே வெச்சுக்குங்க. உங்ககிட்டயாச்சும் நான் முழுசா இருக்கறன்."

பதிலுக்கு அவள், பேனாக்களைச் சாகக் கொடுத்துக் கற்றதை அவனுக்குச் சொன்னாள். பேட்டரியைக் கழுத்து வரைக்கும் நிரப்பியும் வைக்கக் கூடாது, ஒட்ட வடியவும் விடக் கூடாது. பாதியில் நிறுத்திப் பாதியில் ஏற்ற வேண்டும், குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள வேண்டும். அவனும் அப்படியே, தீருகிற வரைக்கும் ஓடாமல் இடையிடையே அப்பாவுக்குச் சொந்தமாக இருந்த கொடிக்கால் நிழலில் போய் உட்கார்ந்து பழகினான். நாமக்கல்லில் இறங்கி, டீ குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு முன்னேற்றம். எப்படி இருக்கிறது என்று பார்க்க அவள் வாராவாரம் வந்தாள். கொஞ்ச நாளில் பார்க்க எதுவும் இல்லாதபோதும் வந்தாள். அவள் வீட்டில், பாதி நேரம் இல்லாத ஆளைக் கட்டிக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, முழு நேரமும் முழித்திருக்கிற ஆம்பளைகள் நாம் சொல்வதைக் கேட்கவா செய்கிறார்கள், இவர் இருக்கிற நேரம் முழுசாக இருக்கிறார் என்றாள். அவள் அம்மா ஒரு தடவை திரும்பித் தன் புருஷனைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னாள்.

கல்யாணம் வேலூரில் நடந்தது. கொங்குக் கல்யாணத்தில் சீர் என்கிற சடங்குகளோ ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நீளும். மாப்பிள்ளை சார்ஜோ குட்டை. எந்தச் சீரை எவ்வளவு சுருக்குவது என்று ராசப்பன் முன்கூட்டியே எல்லாரிடமும் பேசி வைத்திருந்தார். ஆனால் ஜெகதீஸ்வரன் சந்தோஷத்தில், தீர்ந்த சார்ஜையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடிய விடிய அணையாமல் இருந்து தொலைத்தான். போட்டோக்காரரின் விளக்குச் சூடு வேறு. மங்கல வாழ்த்துப் பாடி முடியப்போகிறது, தாலித் தட்டு எல்லார் கையும் தொட்டு மேடைக்கு வந்துவிட்டது. அவன் அவள் பக்கம் திரும்பி, உங்களுக்குக் கால், என்றான். அணைந்துவிட்டான். காதில் சிவப்புக் கூட இல்லை.

மேளம் நின்றது. முகூர்த்தம் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை ஆள் எழுந்திருப்பானா என்பதே சந்தேகம் என்று பின்வரிசையில் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது. சென்னியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கையைப் பிடித்து முடிச்சைப் போட வைத்துவிடலாம், கை அவனுடையதுதானே என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ராசப்பன் மகனின் விரல்களைத் தூக்கினார்.

"வேண்டாமுங்க மாமா," என்றாள் கிருத்திகா. "அவரே எந்திரிச்சுக் கட்டட்டும். நானும் இத்தனை வருசம் பொட்டிக்குள்ள இருந்தவதானுங்க. இன்னுங் கொஞ்ச நேரத்துல கெட்டுப் போயிர மாட்டேன்."

நல்ல நேரம் போயிற்று. பந்தி போட்டார்கள், சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டும் போகாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். போட்டோக்காரர் விளக்கை அணைத்தார். யாரோ டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து மாப்பிள்ளை பக்கம் திருப்பி வைத்தார்கள். மணமேடையில் சம்மணம் போட்ட கிருத்திகா எழுந்திருக்கவே இல்லை. ராகு காலம் பிறந்தது. பிறந்து சற்றைக்கெல்லாம் அவன் காதில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு, ஒரு சிவப்பு எரிந்தது. மண்டபம் முழுக்க அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது.

"மரத்துப் போச்சுங்களா?" என்று விட்ட கேள்வியை அவன் முடித்தான்.

அவ்வளவு நேரமும் கல்லாக இருந்தவள் அப்போதுதான் அழுதாள். "ஆமாங்க," என்றாள்.

ராகு காலத்தில் தாலி கட்டினான். மூன்று முடிச்சும் போட்ட பிறகும் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பிடித்து எழுந்து, இரண்டு பேரும் கடைசிப் பந்தியில் போய்ச் சாப்பிட்டார்கள்.