"ஆகும்" என்று சொன்னவள்

எசேக்கியா எறிந்த மூன்றாவது கல் பாயின் மேல் விழுந்து உருண்டது. பாய்க்குள் உட்கார்ந்திருந்த கிழவர் அசையவில்லை. இரண்டாவது கல்லுக்கு மட்டும் "ம்" என்று ஒரு முனகல் வந்தது, அதோடு சரி.

"வெளிய வாய்யா. ஆளைக் கொன்னுட்டு பாயைப் போத்திக்கிட்டு உக்காந்துட்டா எல்லாம் தீந்துபோச்சா?"

விடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. வேலியோரம் ஊர் திரண்டு நின்றது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. உயிர் போகக் காரணமானவன் தன் குடும்பத்துப் பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு செத்தவன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பெயர் இஃபோங்கா. வீட்டுத் தலைவர் பாயை எடுத்துவிட்டால் மன்னிப்பு. எடுக்காமல் அப்படியே வெட்டிப் போட்டாலும் கேட்க நாதியில்லை. கிழவர் லெமனா பக்கத்துத் தீவிலிருந்து பச்சைகுத்த வந்தவர். தன் பிள்ளைகளைக்கூட அழைத்து வராமல் தனியாக வந்து உட்கார்ந்திருந்தார்.

எசேக்கியாவின் தங்கை ஃபுவாட்டினோ படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், தம்பி பெசமினோ கிடந்தான். இருபத்தாறு வயது. இடுப்பு, வலது தொடை, இடது தொடை எல்லாம் கருகருவென்று பச்சை. இடது முழங்காலுக்கு மேலே நான்கு விரல் அகலம்தான் வெறுந்தோல். குடும்பத்துக்கே அவமானமான அந்த நான்கு விரல் பாக்கியை மறைக்க அப்பா லொத்தோமாவ் நேற்றிலிருந்து துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நின்ற பச்சையோடு மகனைப் புதைக்கப்போகிற தகப்பன் அவர்.

கிழவர் அவனைக் கொல்லவில்லை. அது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பெசமினோவுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போனது. பதினாறு வயதில் ஆக்லாந்துக்கு அனுப்பி உலோக வால்வு வைத்தார்கள். உடம்புக்கு அது அந்நியப் பொருள். ரத்தம் எப்போதடா அதன் மேல் உறையலாம் என்று காத்துக்கொண்டே இருக்கும். உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. மாவட்ட மருத்துவமனையில் உதவியாளாக இருந்த ஃபுவாட்டினோதான் மாதம் ஒருமுறை அவன் விரலில் குத்தி ரத்தம் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் நெஞ்சு டிக் டிக் என்று கேட்கும். "ஏய் கடிகாரம், மணி என்னடா?" என்று ஊர்ப் பையன்கள் சீண்டுவார்கள். "உங்கப்பன் வீட்டுக்குப் போற நேரம்" என்பான் இவன். ஆனால் ரக்பி ஆட முடியாது, பச்சை குத்திக்கொள்ள முடியாது. பெரியவர்கள் கூடும் இடத்தில் பச்சை இல்லாதவனை மனிதனாகவே மதிப்பதில்லை. அது அவனைத் தின்றுகொண்டே இருந்தது.

குத்தத் தொடங்குவதற்கு முதல்நாள் சமையல் கொட்டகையில் வந்து சொன்னான்.

"அக்கா, மாத்திரைய நிறுத்திட்டேன். நாலு நாள் ஆச்சு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"மாத்திரையோட குத்தினா ரத்தம் நிக்காதுன்னு நீதானே சொன்னே. பல்லு புடுங்கறதுக்கு நிறுத்தலையா? அந்த மாதிரிதான். வீட்ல சொல்லிடாதே, உன் கால்ல விழறேன்."

பல் பிடுங்க நிறுத்தியது உண்மைதான். அப்போது ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது. இதற்குப் பத்து நாளாவது ஆகும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் லெமனா எலும்புச் சீப்பு, அதைத் தட்டும் மரச் சுத்தியல் என்று கருவிகளைப் பரப்பிவிட்டு, அவன் நெஞ்சின் நடுவே ஓடிய தழும்பைப் பார்த்தார். எல்லோரையும் விட்டுவிட்டு அவளைத்தான் கூப்பிட்டார்.

"நீ ஆஸ்பத்திரியில இருக்கறவ. உன் தம்பி உடம்புக்கு இது ஆகுமாம்மா?"

பெசமினோ பாயில் படுத்தபடி அவளையே பார்த்தான். அப்படி அவன் எதற்கும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

"ஆகும்" என்றாள்.

குத்தும்போது ரத்தம் வந்தது, துடைத்தார்கள், சீக்கிரமே நின்றது. "பாரு, முன்னோருக்கே சம்மதம்" என்று கிழவிகள் பூரித்துப் போனார்கள். தோலில் உறைகிற ரத்தம் வால்விலும் உறையும் என்று அவளுக்குத் தெரியும். இடையில் காய்ச்சல் வந்து மூன்று நாள் தள்ளிப்போனது. பதினோராம் நாள் காற்று விசிறும்போது நெஞ்சுச் சத்தம் மங்கிக் கேட்டது, துணியைப் போட்டு மூடினாற்போல. அப்போதாவது வண்டியில் தூக்கிப் போட்டிருக்கலாம். நான்கு விரல்தானே பாக்கி, நாளைக்கு முடிந்துவிடும் என்று இருந்துவிட்டாள். நேற்றுக் காலை கிழவர் சுத்தியலை ஓங்கியிருக்கையிலேயே பெசமினோ எழுந்து உட்கார்ந்து, மூச்சுக்குத் திணறி, வாயில் செந்நுரை தள்ளி, அவர் மடியிலேயே சாய்ந்தான்.

அப்பா வாசல்வரை வந்தார். பாயைப் பார்த்தார். அதை எடுக்காமல் திரும்பிப் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எசேக்கியாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுப்பு விறகில் ஒன்றை உருவிக்கொண்டு இறங்கினான்.

முதல் அடி தோளில். இரண்டாவது அடி தலையில். மரம் எலும்பில் பட்ட சத்தம் வேலிவரை கேட்டது. ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கிழவர் முன்னால் சாய்ந்து, கையை ஊன்றி, மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது அடியில் விறகு இரண்டாக ஒடிந்தது. பாயின் பின்னலில் சிவப்பு ஊறிப் பரவி, ஓரத்தில் திரண்டு, சரளைக் கல்லில் சொட்டியது.

ஃபுவாட்டினோ அந்தச் சொட்டையே பார்த்தாள். வேலைப் பழக்கம், மனசு தானாக எண்ணியது. சொட்டு மெதுவானது, கெட்டியானது, நின்றது. நல்ல ரத்தம். எழுபது வயதிலும் நல்ல ரத்தம்.

எசேக்கியா ஒடிந்த விறகை வீசிவிட்டுக் கொட்டகைக்குப் போய், தேங்காய் வெட்டும் அரிவாளோடு வந்தான்.

"அண்ணே, நில்லு."

"உள்ள போ, ஃபுவா."

"அவர் எங்கிட்ட கேட்டாரு. தம்பி உடம்புக்கு ஆகுமான்னு கேட்டாரு. ஆகும்னு நான்தான் சொன்னேன். மாத்திரைய நிறுத்தினது எனக்குத் தெரியும். ரத்தம் கட்டுறதும் தெரியும். தெரிஞ்சேதான் இருந்தேன்."

வேலியோரம் யாரோ மூச்சை இழுத்தார்கள். எசேக்கியா அவளைப் பார்த்தான், பாயைப் பார்த்தான்.

"பொய். இந்தக் கெழவனைக் காப்பாத்தப் பொய் சொல்றே."

"அவரையே கேளு."

அவன் அரிவாள் நுனியால் பாயைக் குத்தினான். "யோவ், இவகிட்ட கேட்டியா நீ?"

பாய்க்குள்ளிருந்து குரல் மெல்ல வந்தது. "குத்தினது என் கை. அந்தப் பொண்ணை உள்ள போகச் சொல்லுங்க."

"கேட்டியா? கேட்டியா அவன் சொல்றதை?" என்று எசேக்கியா கத்தினான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரையாவது வெட்டினால்தான் நிற்கும் போலிருந்தது. "நீ உள்ள போ. ஒண்ணும் சொல்லலேன்னு சொல்லிட்டு உள்ள போ. நான் முடிச்சிடறேன்."

"ஃபுவா" என்றார் அப்பா உள்ளேயிருந்து. திரும்பாமலே சொன்னார். "வாம்மா உள்ள."

அவள் படி இறங்கினாள். எசேக்கியா குறுக்கே கை நீட்டினான். வயதுக்கு வந்த தங்கையை அண்ணன் தொடுவதில்லை, கோபத்திலும் தொடுவதில்லை. நீட்டிய கை அவள் தோளுக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து, பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

வேலியோரம் சலசலப்பு எழுந்தது. மன்னிச்சாச்சு, பாயை எடுத்துட்டாங்க என்று ஒரு கிழவி தோத்திரம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

ஃபுவாட்டினோ கிழவரின் பக்கத்தில் மண்டியிட்டு, வீட்டைப் பார்த்து உட்கார்ந்து, பாயைத் தன் தலைக்கு மேலும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உள்ளே இருட்டு. ரத்த வாடையும் பச்சை மையின் புகை வாடையும் அடித்தன. கிழவரின் மூச்சு காதருகே இரைந்தது.

"என்ன காரியம்மா பண்றே" என்றார்.

அவர் வலியோடு சற்று நகர்ந்து இடம் விட்டார். சரளைக் கல் முழங்காலில் குத்தியது. பாயின் கீழ் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம். அதில் எசேக்கியாவின் பாதங்களும், கல்லில் ஊன்றிய அரிவாள் நுனியும் தெரிந்தன.

நெடுநேரம் கழித்து, வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் பாதங்களும் படி இறங்கி வந்து, அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் நின்றன.