சம்பூர்ணத்தின் ‘ம்’

கிராமத்துப் பாட்டுக்காரி பாவாயி பாடிய அடி முடிகிற இடத்தில், கணினித் திரையில் ஒலி வடிவமாய் ஓடும் பச்சைக் கோட்டில், நூலில் விழுந்த முடிச்சு மாதிரி சின்னதாய் ஒரு புடைப்பு, அதை இரண்டு பக்கமும் அடைத்து ஒரு பொத்தானைத் தட்டினால் போயிற்று, கோடு வழவழவென்று நேராகிவிடும், நல்லசிவத்தின் விரல்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, அந்தப் புடைப்புதான் அவர் மனைவி சம்பூர்ணம், யார் பாடினாலும் யார் பேசினாலும் அவளுக்கு உம் கொட்டியாக வேண்டும், அடிக்கொரு ம், முடிவில் லேசாக மேலே தூக்கி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறாற்போல ஒரு ம், ஏஞ் சம்பூர்ணம், பதிவு ஓடறப்ப வாயை மூடிட்டு உக்காருன்னு எத்தனை தடவை சொல்றது, என்னால ஆகறதில்லீங்க, ஒரு மனுசி நம்ம மூஞ்சியப் பாத்துப் பாடறா, கல்லாட்டம் உக்காந்திருந்தா அவளுக்கு எப்படிங்க பாட்டு வரும், சரி சரி, நான் வெட்டிக்கறேன் என்பார், வெட்டிக்கொண்டே இருந்தார், போன ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள், இப்போது அந்த வீட்டில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது, அவள் குரல் மட்டும் பேருக்குக்கூட இல்லை.

ஈரோட்டில், தறிகள் ஓயாத தெருவில் மாடி வீடு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்ப, இந்த மனிதருக்கு மட்டும் ஊர் பேர் தெரியாதவர்களின் பாட்டு மேல் பைத்தியம் பிடித்தது, மாலியின் மீனவர், பல்கேரியாவின் அறுவடைப் பெண்கள், மங்கோலியாவின் மேய்ப்பர், தேடித் தேடி எடுத்து இணையத்தில் நாலு பேருக்குப் பகிர்வார், ஹெட்போனின் ஒரு காது அவருக்கு, ஒரு காது அவளுக்கு, பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள், ஏனுங்க, இந்தம்மா எதுக்கு இப்படி உருகுது, அது ஒட்டகத்துக்குப் பாடற பாட்டு சம்பூர்ணம், ஈன்ற குட்டியைத் தாய் ஒட்டகம் கிட்டச் சேக்கலைன்னா பக்கத்துல உக்காந்து பாடுவாங்களாம், பாடப் பாட ஒட்டகம் அழுதுட்டுக் குட்டிக்குப் பால் குடுக்குமாம், அய்யோ பாவமே என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அந்தப் பாட்டுக்கும் கடைசிவரை உம் கொட்டினாள், இப்போதும் மதியம் கண்ணயர்ந்தால் அவருக்கு அதே கனவு, மணல்வெளியில் ஒட்டகத்தின் அருகே பட்டாணிக் கிண்ணத்தோடு சம்பூர்ணம் உட்கார்ந்திருக்கிறாள், யாரோ பாடுகிறார்கள், அவள் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, அவரேதான் வெட்டியிருக்கிறார்.

வாங்கினால் கொடுக்கவும் வேண்டுமே, எஸ்டோனியாவில் பாட்டுக் குழு நடத்தும் மாரெத் என்ற பெண் அவர்கள் ஊர்ப் பாட்டொன்றை அனுப்பியபோது, பதிலுக்கு அந்தியூர்ப் பக்கம் போய் பாவாயி பாடிய தாலாட்டைப் பதிவு செய்தார், பொம்பளை ஒருத்தி எதிரே உட்கார்ந்தால்தான் பாவாயிக்குக் குரல் எழும்பும் என்பதால் சம்பூர்ணமும் கூடப் போனாள், கெணத்து மேட்டுக் காத்தே மெல்ல வா என்று பாவாயி இழுக்க, ம் என்கிறாள் இவள், ஆர்வக்கோளாறில் அப்படியே அனுப்பிவிட்டார், அடுத்த வாரம் வெட்டித் துடைத்ததை அனுப்பி, முதலில் வந்ததை அழித்துவிடுங்கள், அதில் தேவையில்லாத சத்தம் இருக்கிறது என்று கறாராய் எழுதினார், தேவையில்லாத சத்தம், அந்த வார்த்தை இப்போது அவரை உட்காரவும் விடுவதில்லை படுக்கவும் விடுவதில்லை.

அவள் போனபிறகு தேடாத இடமில்லை, இடத்தை அடைக்கிறது என்று மூலப் பதிவுகளை அப்போதே அழித்திருந்தார், கல்யாண கேசட்டில் மேளச் சத்தம்தான் கேட்கிறது, செல்போனில் அவளுக்கு மிஸ்டு கால் கொடுக்க மட்டுமே தெரியும், ஒரு ம், ஒரே ஒரு ம் கிடைத்தால் போதும் என்று கிடக்கிறார், அப்படிக் கிடக்கையில்தான் மாரெத்திடமிருந்து காணொளி வந்தது, கம்பளிப் பாவாடை கட்டிய பெண்கள் வட்டமாய் நிற்கிறார்கள், ஒருத்தி அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அவர்கள் ஊர் வழக்கம், கேணத்து மேத்து காத்தே என்று ஒருத்தி தமிழைக் கடித்துக் கடித்துப் பாடி நிறுத்த, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, ம், முடிவில் லேசாக மேலே தூக்கி, அச்சு அசல், நல்லசிவம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார், அடுத்த அடி, ம், அதற்கடுத்து, ம், பெற்ற பிள்ளையைச் சந்தைக் கூட்டத்தில் தொலைத்தவன் போல வாய்விட்டு அழுதார்.

அந்த முதல் பதிவு உங்களிடம் இருக்கிறதா என்று எழுதினார், பதில் உடனே வந்தது, நீங்கள் சொன்ன அன்றே அழித்துவிட்டேன், மன்னியுங்கள், ஆனால் அதற்குள் எங்களுக்குப் பாடமாகிவிட்டது, இரண்டாவதில் அது ஏன் இல்லை என்று புரியவில்லை, எங்கள் பெண்களுக்குப் பாட்டிலேயே பிடித்தது அந்த ஒரு சொல்தான், அதற்கு உங்கள் மொழியில் என்ன பொருள்.

என்னவென்று எழுதுவார், ஆமாம் என்று எழுதினார், அழித்தார், கேட்கிறேன் என்று எழுதினார், அதுவும் பத்தவில்லை, கடைசியில், நீ சொல்லு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டு, காணொளியின் ஒலியைத் திரையில் விரித்தார், அதே பச்சைக் கோடு, அதே இடத்தில் புடைப்பு, இப்போது நிறையப் பேர் சேர்ந்ததால் கைமுட்டி அளவுக்குப் பெரிதாய், அவர் விரல்கள் பழக்கத்தில் அதை அடைக்கப் போய் நின்றன, பிறகு இந்தப் பக்கம் நகர்ந்து பாட்டை அடைத்தன, ஒவ்வோர் அடியாகப் பாட்டை வெட்டி எறிந்தார், அடி இருந்த இடமெல்லாம் வெறுமை, வெறுமையின் முனையில் ஒரு ம், ஓடவிட்டார், தெருவில் ஷிப்ட் மாறும் நேரம், தறிகள் ஓய்ந்திருக்கின்றன, சம்பூர்ணம், இன்னைக்கு ரசம் வெச்சேன், உப்பு தூக்கலாப் போச்சு, ம், உன்ற நீலச் சேலை இன்னும் கொடியிலதான் கெடக்குது, எடுக்க மனசு வரலை, ம், வாயை மூடு வாயை மூடுன்னு சொல்லிட்டே இருந்தனே புள்ள, என்றார், கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது, ம் என்றார்கள் எங்கோ நிற்கும் அந்தப் பெண்கள், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறாற்போல.