ஜெயச்சந்திரன் கண்முன் கசியாதவை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், ஜெயச்சந்திரனின் கண்முன் எந்த டீசல் பம்பும் கசிந்ததில்லை. உதியன்குளங்கரையில் இருக்கும் அவருடைய ஒர்க்‌ஷாப் போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அது விளம்பரம் அல்ல, நடப்பு. காட்டாக்கடையிலிருந்து வழிநெடுக டீசல் கோடு போட்டுக்கொண்டு வரும் லாரி, அவர் முகம் தெரியும் தூரத்தில் காய்ந்துவிடும். ஒருமுறை கூரை ஒழுகிய மிஷன் சபைக்காரர்கள், இந்துவானாலும் பரவாயில்லை என்று, இடவப்பாதிப் பருவமழையில் அவரைக் கூட்டிப்போய் முன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பிரசங்கம் முடியும்வரை ஒரு சொட்டு விழவில்லை. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூட, மரியாதைக்கு அவரும் மூடினார். போதகர் நனைந்தார். அன்று முதல் மழைக்கால ஆராதனைகளில் ஜெயச்சந்திரன் மட்டும் கண் திறந்திருக்கலாம் என்று சபை முடிவு செய்தது. இதெல்லாம் தன் டிப்ளமோவின் சக்தி என்று அவர் சொல்வார்.

இதில் ஒரேயொரு சங்கடம் உண்டு. கசிவைக் கண்ணால் காணாதவன் அதை எங்கே தேடுவான்? குளத்தூர் புஷ்பபாய் தன் டிராக்டரைத் தானே ஓட்டுகிறவர். அதன் இன்ஜெக்‌ஷன் பம்பிலிருந்து சொட்டிய டீசல், உழுத வயலின் தண்ணீரில் வானவில்லாகப் படர்ந்தது. வயல்காரர்களின் பாடசேகர சமிதிச் செயலாளர் பொன்னுதாஸ் வரப்பில் நின்று, “ஞாயிறுக்குள்ள இது நிக்கல்லெங்கில் உழவுக்கு காட்டாக்கடை வண்டியெ விளிப்பேன், பறஞ்சேக்கேன்” என்றார். அந்த ஏலாவின் உழவு வேலை கைவிட்டுப் போனால் புஷ்பபாய்க்கு டிராக்டரை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் வண்டியை உதியன்குளங்கரைக்குக் கொண்டுவந்தார். பம்பு காய்ந்து கிடந்தது. ஆக்சிலேட்டரை முடுக்கினார்கள், குழாய்களை ஆட்டினார்கள், ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் முதல் வளைவு தாண்டியதும் சொட்டத் தொடங்கியது. மறுநாளும் அதே கதை.

“எலே ஜெயச்சந்திரா, உன்னெக் கண்டா இதுக்கு வெக்கமாக்கும்,” என்றார் புஷ்பபாய். “நான் பம்பெத் தொடச்சு பவுடர் போடுதேன். நீ அங்கோட்டு திரும்பி நில்லு. ஒழுகுத எடத்துல பவுடர் நனையும்லா?”

“இரும்புக்கு வெக்கமா சேச்சி? பவுடர் போருமா, பூவும் வைக்கணுமா?”

ஜெயச்சந்திரன் இதை டீக்கடையிலும் சொன்னார். ஜங்ஷனே சிரித்தது. புஷ்பபாய் வண்டியில் போகும்போது, பம்புக்குக் கல்யாணம் எப்போது என்று பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார்கள்.

புஷ்பபாய் ஜங்ஷனில் வண்டியை நிறுத்தி இறங்கினார். அங்கே ஊர் கிளப்பின் ஓணம் பிளக்ஸ் போர்டில் நன்கொடையாளராகச் சிரித்துக்கொண்டிருந்த ஜெயச்சந்திரனின் முகத்தைக் கத்தரித்து, பம்புக்கு எதிரே கம்பியால் கட்டினார். படத்தில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கசிவு பாதிதான் நின்றது. வெள்ளிக்கிழமை புஷ்பபாய் ஆளையே கூட்டிப்போய் மட்கார்டில் உட்காரவைத்தார். அன்றைய உழவு முடியும்வரை தண்ணீரில் வானவில் படரவில்லை. ஜெயச்சந்திரன் வரப்பில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டினார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கண் அயர்ந்தார். உடனே ஒரு சின்ன வானவில். பொன்னுதாஸ் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, நாளை சாயந்தரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒர்க்‌ஷாப்பில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதாகவும், தான் போக வேண்டும் என்றும் ஜெயச்சந்திரன் சொன்னார்.

“போனா ஒழுகும்லா,” என்றார் புஷ்பபாய். “நன்னாக்கிட்டு போ. இல்லெங்கில் ஆயுசுக்கும் மட்கார்டுல இரி, மக்கா. சோறு நான் தாறேன்.”

“ஒழுகாதத எப்படி சேச்சி நன்னாக்க?”

“அது போர்டு எழுதினவனுக்குல்லா தெரியணும்.”

அன்றிரவு ஜெயச்சந்திரனின் கனவில், அவர் மட்கார்டிலேயே நரைத்து, பல் விழுந்து, சமிதியின் ஆண்டுவிழாவில் பொன்னாடை வாங்கினார்.

ஞாயிறு காலை புஷ்பபாய் ஆராதனைக்குப் போனார். டிராக்டர் வயலோரம் தனியாக நின்றது. ஜெயச்சந்திரன் நாலு பக்கமும் பார்த்தார். ஒரு கொக்கு இருந்தது. கல்லெறிந்து அதை விரட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, பம்பைப் பழந்துணியால் ஈரம் போகத் துடைத்தார். டூல் பெட்டியில் புஷ்பபாய் வைத்திருந்த பவுடர் டின்னை எடுத்து, குழந்தைக்குக் கழுத்தில் தட்டுவதுபோல் பம்பு முழுக்கத் தட்டினார். பிளக்ஸ் முகத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தென்னை மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, தோர்த்துத் துண்டால் கண்ணையும் கட்டிக்கொண்டார். எஞ்சின் ஓடியது. பம்பு இன்னும் தயங்குவது முதுகில் தெரிந்தது.

ஜெயச்சந்திரன் தொண்டையைச் செருமினார். “நான் பாக்கல்ல, மக்கா,” என்றார்.

கொஞ்சநேரம் கழித்து, தோர்த்தை அவிழ்த்துத் திரும்பிப் பார்த்தபோது பம்பு காய்ந்துதான் இருந்தது. ஆனால் வெள்ளைப் பவுடரில் ஓர் ஈரக்கோடு, பம்பின் மூன்று டெலிவரி வால்வுகளில் நடுவில் உள்ளதன் கழுத்திலிருந்து கீழே இறங்கியிருந்தது. எஞ்சினை நிறுத்தி வால்வைக் கழற்றினார்; உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புதியதைப் போட்டு முறுக்கினார். மறுபடி பவுடர், மறுபடி தோர்த்து. இம்முறை பவுடர் நனையவில்லை.

சாயந்தரம் பொன்னுதாஸ் வரப்பிலேயே நின்று, ஜெயச்சந்திரனை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, டிராக்டரை ஓட்டச்சொல்லி, தண்ணீரைப் பார்த்தார். வானம் மட்டும்தான் தெரிந்தது. காட்டாக்கடை வண்டி வரவில்லை. எங்கே கசிவு என்று தனக்கு முதல் நாளே தெரியும் என்றார் ஜெயச்சந்திரன். அவர் மீசையில் பவுடர் இருந்தது. புஷ்பபாய் அதைப் பார்த்துவிட்டு, டின்னை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

ஒர்க்‌ஷாப் போர்டு இன்றும் அப்படியே இருக்கிறது. ஜெயச்சந்திரன் பவுடர் தட்டி, தோர்த்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பும்போது, லாரி டிரைவர்களும் பம்புக்குக் கூச்சம் வேண்டாம் என்று ரோட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள்.