பெயரும் அகவையும்

கீழ்க்கடல் கருநீலம் பூண்டு அடிவானளவும் விரிந்து கிடக்க, மரமடர்ந்த குன்றுகள் நீரருகே இறங்கி நிற்க, மீன் படகுகள் கடற்புள் சூழத் திரும்பும், கதிர் சாயும் எற்பாட்டு வேளையில், ஈடன் துறையின் அலைதடுப்புச் சுவர்மேல் நிலைகொள்ளாது நடந்துகொண்டிருந்தாள் ஐலீன். பெரும்போர் முடிந்து ஏழு திங்கள் ஆகியும் அவள் கால்கள் ஓயவில்லை, அறிவுசால் நண்பரே!

அவள் கணவன் கிளைவ், குண்டு வானூர்தியொன்றின் பின்புறச் சுடுநன். நாட்டின் வடகரை நகரான டார்வினிலிருந்து எழுந்த அவ்வூர்தி, போர் முடிவதற்கு ஈராண்டு முன்னரே வடகடலில் வீழ்ந்தது. உடலோ உடைந்த பலகையோ கரை சேரவில்லை. "நகைத்த முகத்தோடு, அச்சமென்பதே அறியாது ஏறினார்" என்று படைத்தலைவர் மடல் வரைந்தார். அம்மடலைப் படிக்குந்தோறும் யாரோ ஓர் அயலான் இறந்ததாகவே அவளுக்குத் தோன்றியது. ஆதலின், ஊரார் எழுப்பிய நினைவுக்கல்லில் அவன் பெயரைப் பொறிக்க அவள் இசையவே இல்லை. பதினெட்டுப் பெயர்களின் கீழே ஒரு வரி வெறுமையாய்க் கிடந்தது.

அன்று, தொப்பியைக் கையில் கசக்கியவாறு ஒருவன் அவளை நெருங்கினான்.

"கல்லு விசயமா வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிருங்க. உங்களுக்கு முன்னாடி பாதிரியாரே தோத்துட்டுப் போயிட்டாரு," என்றாள்.

"இல்லீங்க. நான் மெர்வின். கிளைவோட ஒரே படையில இருந்தவன். அன்னைக்குப் பறக்க வேண்டியது நான்."

அவள் நடை நின்றது.

"காய்ச்சல்னு படுத்துக்கிட்டேன். காய்ச்சல் இல்ல, பயம். அவரு எதுவும் கேக்காம எனக்குப் பதிலாப் போனாரு."

கடலை நோக்கித் திரும்பியவள் கேட்டாள்: "சிரிச்சுக்கிட்டா ஏறினாரு?"

"யாரு சொன்னா? படுக்கையில இருந்து சன்னல் வழியா நானே பாத்தேனுங்க. விமானத்துக்குக் கூட்டிட்டுப் போற வண்டிக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தாரு. வாயைத் தொடச்சுக்கிட்டு, 'காலையில போட்ட இந்த முட்டைப்பொடிக்கு எதிரியே தேவலை'ன்னு சொல்லிட்டு ஏறினாரு."

உடைகரை மோதிய வெள்ளமென அவள் கண்கள் பெருகின. தோணியில் கால் வைத்தாலே முகம் வெளிறும் தன் கிளைவை, ஈராண்டுக்கும் மேலாக எவரும் அவளிடம் திருப்பித் தராத அவனை, அக்கணத்தில் கண்டாள். கண்ட அக்கணத்திலேயே இழந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு இன்னைக்கு வாய் வரல. நாளைக்கும் வருமான்னு தெரியல," என்றாள். "ஆனா ஆட்டுக்கறி இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க."

மறுநாட் காலை, அவள் அழைத்து வந்த கல்தச்சன் நினைவுக்கல்லருகே உளியோடு கேட்டான்: "பேருக்கு அடியில 'அஞ்சாநெஞ்சன்'னு போடட்டுமா?"

"வேணாம். பேரும் வயசும் போதும்."

அதன்பின்னும் அவள் அச்சுவர்மேல் நடந்தாள். கல்லொன்று அவன் பெயரை ஏற்றதனால் கடல் தன் கடனைத் தீர்த்துவிடுமோ! எனினும், பிழையற்றவனாய்ப் புனையப்பட்ட ஒருவனைத் தேடி அவள் அலையவில்லை. அஞ்சியும் சென்ற ஒருவனுக்காக அழுதாள். அழுவதற்கு உரிய ஆளை அறிந்து அழுவதும், இவ்வுலகில் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.