கரப்பான் மார்க் குழாய்

மூன்று வாரம் மண்டையைக் குடைந்து அவள் வரைந்தது ஒரு வளைந்த கோடு, அதன் நுனியில் ஒரு துளி. அவ்வளவுதான். துளி விழவில்லை, விழப்போகிற மாதிரியும் இல்லை. ஒழுகாத குழாய் என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதினாறு வருடமாக லோகோ வரைகிறவள். ஒரு தடவை பார்த்தவர் மறுநாள் அதை ஞாபகத்திலிருந்து கிறுக்கிக் காட்ட வேண்டும். நகத்தளவுக்குச் சுருக்கினாலும் அதன் முகம் மாறக்கூடாது. இரண்டிலும் தேறாத எதையும் அவள் வெளியே அனுப்பியதில்லை. துளியைக் கணவரிடம் ஒரு நொடி காட்டி மறைத்துவிட்டு, வரையச் சொன்னாள். கோணல் இல்லாமல் ஒரு கோடு போடத் தெரியாத மனுஷர், அவரே வரைந்துவிட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

குழாய்க் கம்பெனியின் மாடி அறையில் நீள மேசையைச் சுற்றி முதலாளி, அவர் மனைவி, அவர் தம்பி, மனைவியின் அண்ணன் ஆகிய நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி என்பது அந்த நாலு பேர்தான். மற்றவர்களெல்லாம் வேலை செய்கிறவர்கள்.

முதலாளி காகிதத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார்.

"ஒரு துளிதானாம்மா? நாம என்ன தண்ணிப் பஞ்சத்துலயா இருக்கோம்?"

அவள் விளக்கினாள். கூரைமேல் மழை பெய்வதைக் கேட்பதுபோல எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். மழை விட்டதும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். துளி கண்ணீர் மாதிரி இருக்கிறது, பின்னால் சூரியன் உதிக்கட்டும் என்றார் மனைவி. உலக உருண்டை வேண்டும், ஏற்றுமதி செய்யப்போகிறோமே என்றார் தம்பி. அதுவரை ஒரு பெட்டிகூட ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. இரண்டு நாள் வியாபாரப் பயிற்சிக்குப் போய்வந்திருந்த மச்சானுக்குச் சிங்கம் வேண்டுமாம். குழாய்க்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன், சிங்கமும் தண்ணி குடிக்குதே" என்றார் மச்சான்.

யார் மனதையும் நோகடிக்காத முதலாளி மூன்றையும் ஏற்றுக்கொண்டு, தன் பங்குக்கு 'தரம், உறுதி, நம்பிக்கை' என்ற எழுத்துகளைச் சுற்றி வளைத்துப் போடச் சொன்னார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பெரிய இடம், நாலு பேரிடம் தன் பேரைச் சொல்வார்கள் என்ற ஆசை வாயைக் கட்டிப்போட்டது. தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, உலக உருண்டைமேல் காலூன்றி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் சூரியனோடு நிற்கும் சிங்கத்தை வரைந்தாள். அதை மட்டும் கணவரிடம் காட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து, அச்சு வெட்டுகிறவர் போன் செய்தார். குழாய்த் திருகின் தலையில் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில்தான் லோகோவை அடிக்க வேண்டும்.

"இந்த இடத்துல ஒரு புள்ளி வைக்கவே யோசிக்கணும். நீ காட்டையே வெச்சிருக்கியேம்மா" என்றார்.

முதலாளியிடமே கேளுங்கள் என்றாள். முதலாளியோ பிடரியில் ஒரு மயிரைக்கூட விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சொன்னபடி வெட்டினார்கள். பித்தளையில் அடித்ததும் பிடரி, உருண்டை, எழுத்து எல்லாம் ஒன்றாக அப்பி நீள்வட்டமாக ஒரு கட்டியானது. சூரியக் கதிர்களில் பிழைத்தவை ஆறு, பக்கத்துக்கு மூன்று. மீசையில் இரண்டு இழை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை அவளுக்குத் தெரியும். சிங்கம் தேய்ந்து கரப்பானானதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

நாலு மாதம் கழித்து முதலாளி அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார். மாடி அறையில் அதே நாலு பேர். முதலாளி அழுவதா சிரிப்பதா என்று தெரியாத குரலில் நடந்ததைச் சொன்னார். வியாபாரம் திடீரென்று ஏறியதே, காரணம் என்ன என்று பார்க்க ஒரு கடைக்குப் போய் ஓரமாக நின்றிருக்கிறார். பிளம்பர் ஒருவர் வந்து, கரப்பான் மார்க் ஆறு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். எந்தக் கரப்பான் என்று இவர் விசாரிக்க, ஆள் யாரென்று தெரியாத அந்தப் பிளம்பர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அட்டைப்பெட்டிமேல் ஒரே மூச்சில் வரைந்து காட்டியிருக்கிறார். உடம்பு, ஆறு கால், இரண்டு மீசை.

"'கரப்பானும் சாகாது சார், இந்தக் குழாயும் சாகாது'ன்னு எனக்கே சொல்றாம்மா" என்றார் முதலாளி.

காலமெல்லாம் செருப்பால் அடித்ததைக் கம்பெனி வாசலில் மாட்டுவதா என்று மனைவி பொருமினார். இது சிங்கம்தான் என்று விளம்பரம் கொடுப்போம் என்றார் தம்பி. சிங்கம் தெரிகிற அளவுக்குத் திருகைப் பெரிதாக்கலாம் என்பது மச்சானின் யோசனை. அப்படிச் செய்தால் குழாயைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும்.

இந்தத் தடவை அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

"அன்னைக்கே நான் வேணாம்னு சொல்லியிருக்கணும் சார். சொல்லாதது என் தப்பு. இப்ப வாங்கறவங்க மனசுல கரப்பான் உக்காந்தாச்சு. அதை விரட்டறதைவிட ஒழுங்கா வரைஞ்சுடலாம்."

முதலாளி ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். வரையச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து வரைந்தாள். மொத்தம் ஒன்பது கோடு. கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கட்டுமே என்றார் மனைவி. முன்னங்காலில் ஒரு உலக உருண்டை என்று தம்பி இழுத்தார். மச்சான் கிரீடத்தைப் பற்றி வாயெடுக்கும்போது முதலாளி காகிதத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"ஒரு காலு கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

மச்சானின் பேச்சை அந்த அறையில் யாரும் வெட்டியதில்லை. அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவளுக்கு முதலாளியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பெயர்ப்பலகை மாறியது. வண்டியில் கரப்பான் இருக்கிறவரை ஏறமாட்டேன் என்று இரண்டு மாதம் பிடிவாதமாக இருந்தார் முதலாளியின் மனைவி. ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "நீங்க கரப்பான் குழாய் வீட்டம்மாதானே?" என்று எழுந்து நாற்காலி கொடுத்தார்களாம். திரும்பும்போது அதே வண்டியில் வந்தார்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் மின்விசிறி தயாரிப்பவர். தங்களுக்கும் ஒரு பூச்சி வேண்டும், ஈயாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். கடையில் உங்கள் விசிறியை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று விசாரித்தாள். அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் ஒரு கடையில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"மேடம், ரெண்டு நாளா யாருமே எங்க ஃபேனைக் கேக்கலை."

"அப்ப முதல்ல ஃபேனைக் கவனிங்க சார்" என்றாள் அவள். "லோகோவை அப்புறம் பாத்துக்கலாம்."