மெழுகு வில்லைக்குக் கூலி

ஜோஸ்வினுக்குக் கணக்கு தப்பிவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் அவன் நடத்தும் பரிசுப் பொருள் கடையில் பிறந்தநாள் தொப்பி முதல் பீங்கான் யானை வரை எதற்கு எவ்வளவு அடக்கம், எவ்வளவு லாபம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாழ்க்கையில் முதல் தடவையாக, கணக்கு சரியாக வந்துவிட்டதே என்று வருத்தப்பட்டான்.

ஆரம்பித்து வைத்தது தேவாலயத்தின் அறுப்பின் பண்டிகை. சபையின் வாலிபர் ஐக்கியம் வருடாவருடம் பண்டிகை விற்பனையில் ஒரு கடை போடும். போன வருடம் பஜ்ஜிக் கடை. விற்றதைவிடத் தின்றது அதிகம். தின்றவர்களில் பாதிப் பேர் ஐக்கியத்து உறுப்பினர்கள். இந்த வருடமாவது தின்ன முடியாத பொருளாகப் பார்த்து விற்கும்படி ஆயரே கேட்டுக்கொண்டார்.

ஆராதனை முடிந்து ஹாலில் கூடிப் பேசியபோது, ஜெரூஷா எழுந்து வேக்ஸ் மெல்ட் விற்கலாம் என்றாள். சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்ப்பவள். திரி இல்லாத சின்னச் சின்ன வாசனை மெழுகு வில்லைகள், ஒரு கிண்ணத்தில் போட்டு அடியில் சின்ன விளக்கை ஏற்றி வைத்தால் மெதுவாக உருகி வீடெல்லாம் மணக்கும் என்று விளக்கினாள்.

"அதுக்கு ஊதுபத்தியே ஏத்திட்டுப் போலாமே அக்கா" என்றான் ஆரோன். போன வருடம் அதிக பஜ்ஜி தின்றவன் அவன்தான்.

"புகை வராதுடா. இதைத் தின்னவும் முடியாது. உன்னை நெனச்சுதான் இந்த ஐடியாவே வந்துச்சு."

வீட்டிலேயே செய்தால் செலவு குறைவு என்பது ஜெரூஷாவின் வாதம். இதே சாமான் ஜோஸ்வின் அண்ணன் கடையிலேயே இருக்கிறது, மொத்த விலைக்கு வாங்கிவிடலாம் என்றார்கள் மற்றவர்கள். ஐக்கியத்தின் செயலாளர் ஜோஸ்வினின் தங்கை கிறிஸ்டி. அவள் அண்ணனைக் கைகாட்டினாள்.

"கடைக்காரர் ரெண்டுக்கும் கணக்கு போட்டுட்டு வரட்டும். அடுத்த வாரம் முடிவு பண்ணிக்கலாம்."

பாடகர் குழுவில் இரண்டு வருடமாக ஜெரூஷாவுக்குப் பின்வரிசையில் நின்று, அவள் பின்னலைப் பார்த்தபடியே எல்லா ஞானப்பாட்டையும் பாடியவன் ஜோஸ்வின். அவள் யோசனைக்கான கணக்கை அரைகுறையாகவா போடுவான். சோயா மெழுகு வாங்கினான். வாசனை எண்ணெய் வாங்கினான். அம்மா புஷ்பத்தின் பால் பாத்திரத்தில் உருக்கி ஊற்றிப் பார்த்தான். மறுநாள் காலையில் அப்பா ஜீவரத்தினம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன புஷ்பம், ஏலக்காய் தூக்கலா இருக்கு?" என்றார். அது லாவெண்டர். ஜோஸ்வின் தலையைக் குனிந்து இட்லியைச் சாப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று வாசித்தான். ஆறு வில்லை கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு மெழுகு, எண்ணெய், நிறம், உறை, அச்சு, கேஸ் எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய்.

"கடையில?" என்று கேட்டாள் ஜெரூஷா.

"பாரிமுனையில மொத்தமா எடுத்தா அறுபத்திரண்டு."

"பாத்தீங்களா" என்று அவள் திரும்பி எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அவன் உட்காரவில்லை.

"இன்னும் முடியலைங்க. கூலி இருபது ரூபா. ஆக, வீட்டுல செஞ்சா எழுபத்தஞ்சு."

"கூலியா?" என்றான் ஆரோன். "ஊழியத்துக்குக் கூலியாண்ணா? அப்ப போன வருஷம் பஜ்ஜி போட்டதுக்கு எனக்கு எவ்ளோ வரணும்?"

ஹால் முழுவதும் சிரித்தது. ஜோஸ்வின் சிரிக்கவில்லை. "யாரோ ஒருத்தர் நின்னு உருக்கணும், ஊத்தணும், ஆற வெச்சுப் பிரிக்கணும். அந்த நேரம் சும்மாவா வருது?" என்றான். ஒரு கடைக்காரனே சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை. பாரிமுனையில் வாங்குவதென்று முடிவாயிற்று. ஜெரூஷா, "சரி, அப்ப வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த கிறிஸ்டி, வேளச்சேரி சாலை சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஆரம்பித்தாள்.

"டேய் அண்ணா, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"கணக்குல என்ன தப்பு?"

"கணக்கு சரிதான். அதான் பிரச்சினையே. வீட்டுல செய்யறதுன்னு ஆகியிருந்தா எங்க செய்யறது? ஜெரூஷா வீட்டு கிச்சன்ல. என்னைக்கு? பண்டிகை வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும். யார் யார்? நீ, அவ, நான், ஆரோன். எனக்குத் தலைவலி வரும், ஆரோனுக்கு நான் வர வைப்பேன். இவ்வளவும் நான் பிளான் பண்ணி உன்னைக் கணக்கு போடச் சொன்னா, நீ நின்னு கூலி பேசுற."

ஜோஸ்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலேயே கையை வைத்து அழுத்தினார்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ" என்றாள் கிறிஸ்டி. "பண்டிகை முடிஞ்ச மறு வாரம் கோயம்புத்தூர்லேர்ந்து அவளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள நீ வாயைத் தொறந்தாதான் உண்டு."

"அவங்களுக்கு என்னைப் பத்தி என்ன நினைப்போ, என்னவோ."

"ஐக்கியத்துல இருக்குற எல்லாரையும் அண்ணா அண்ணாங்கிறா. மீசை மொளைக்காதவனைக்கூட அண்ணாங்கிறா. உன்னை மட்டும் 'இங்க பாருங்க'ங்கிறா. இதுக்கு மேல என்ன, தண்டோராவா போடுவாங்க? அவளுக்குப் போன் போட்டு, கூலியைத் தெரியாம சேர்த்துட்டேன்னு சொல்லு. இருபது ரூபாயை எடுத்துடு. முடிஞ்சுது."

முடியவில்லை. அதுதான் ஜோஸ்வினின் பேஜார். அவன் பள்ளியில் படித்த நாளில் அம்மா புஷ்பம் இதே பண்டிகைக்கு டின் டின்னாக அச்சுமுறுக்கு சுட்டுக் கொடுப்பாள். ஒரு வருடம் சபையின் பொருளாளர் மேடையில், "செலவே இல்லாமல் கிடைத்த லாபம்" என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள், மணிக்கட்டில் தைலம் பூசிய கையால். அன்று பையன் மனதில் விழுந்தது இன்னும் போகவில்லை. இப்போதும் கடையில் பரிசுகளுக்குக் காகிதம் சுற்றித் தரும் அம்மாவுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் போட்டுவிடுவான். "பெத்த தாய்க்குச் சம்பளம் கொடுக்குற ஒரே பிள்ளை நீதான்டா" என்று அப்பா முணுமுணுப்பார். அம்மா முணுமுணுத்ததே இல்லை.

அதனால் கூலியைத் தொடாமல் வேறு வழி தேடினான். சிலிக்கோன் அச்சுக்குப் பதில் ஐஸ் டிரேயில் ஊற்றிப் பார்த்தான். விலை மலிந்த எண்ணெயைச் சேர்த்துப் பார்த்தான். வில்லை அன்றைக்குத் தரை துடைத்த ஆஸ்பத்திரி வராந்தா போல மணந்தது. என்ன செய்தும் எழுபதுக்குக் கீழே வரவில்லை. இந்தப் பக்கம் இறங்காவிட்டால் அந்தப் பக்கம் ஏறட்டுமே என்று, பாரிமுனை மொத்த வியாபாரி சிட்டிபாபுவுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அந்த வேக்ஸ் மெல்ட்... அறுபத்திரண்டு சொன்னீங்கல்ல. கொஞ்சம் ஏத்திப் போட முடியுமா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ அணைந்தது.

"இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் சிட்டிபாபு. "எத்தினியோ பேரைப் பாத்துகினு கீறேன், வெலைய ஏத்துன்னு கேட்ட ஒரே ஆளு நீதான். புரியுது சார். வேற எவனோ கம்மியா சொல்லிக்கிறான், அத்தை நேரா சொல்லாம இப்டி சுத்தி வளைச்சு கலாய்க்கிற. சரி, அறுபதுக்கு எடுத்துக்கோ. இதுக்கு மேல கொறைக்காத, கட்டாது."

நன்றி சொல்லி ஜோஸ்வின் போனை வைத்தான்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் கேம்ப் ரோட்டில் இறங்கிய ஜெரூஷா, நேராக அவன் கடைக்கு வந்தாள். தோளில் மடிக்கணினிப் பை, கழுத்தில் அடையாள அட்டை. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"இங்க பாருங்க, ஆர்டர் கொடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"ஏன்?"

"விலை குறைஞ்சுடுச்சு."

"குறைஞ்சா நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றான் துக்க வீட்டுக்காரன் மாதிரி.

ஜெரூஷா பீங்கான் யானை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிறிஸ்டி போன் பண்ணா. கூலியை எடுத்துட்டா வீட்டுல செய்யறதுதான் கம்மின்னா. நீங்களும் எடுக்கத்தான் நினைக்கிறீங்களாம், கூச்சப்படறீங்களாம். எடுத்துடலாமா?"

சரி என்ற ஒரு சொல் போதும். பண்டிகை வரைக்கும் எல்லாச் சனிக்கிழமையும் அவன் கைக்கு வந்துவிடும். ஜோஸ்வின் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"இல்லைங்க. எடுக்க முடியாது."

"செய்யப்போறது நான். எனக்கே கவலையில்லை, உங்களுக்கு என்ன?"

"வாரம் பூரா சிறுசேரிக்கும் தாம்பரத்துக்கும் பஸ்ஸுல போய் வர்றீங்க. மிச்சம் கிடைக்குறது ஒரு சனிக்கிழமை. அதுக்கு விலையே இல்லைன்னு நான் எப்படிங்க எழுதுவேன்?"

அவள் யானையைக் கீழே வைத்தாள். கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கோபித்துக்கொண்டாள் என்றே ஜோஸ்வின் நினைத்தான்.

"கோயம்புத்தூர்லேர்ந்து அந்தம்மா நேத்து பேசினாங்க" என்றாள் பிறகு. "பையனோட அம்மா. ரொம்ப அன்பாதான் பேசினாங்க. கல்யாணத்துக்கப்புறம் நீ வேலைக்கெல்லாம் போக வேண்டாம்மா, வீட்டுல சும்மா இருந்தா போதும்னாங்க. வீட்டுல மொத்தம் எட்டு பேராம். சமையலுக்கு ஆள் வெச்சா அவங்க மாமனாருக்குப் பிடிக்காதாம். அவ்வளவுதான், மத்தபடி சும்மாதான்."

"எட்டு பேருக்கா? மூணு வேளையும்?"

"மூணு வேளையும். நடுவுல காபி. அந்தச் சும்மாவுக்கு எவ்வளவு ஆகும்னு நீங்கதான் சொல்லணும்."

ஜோஸ்வின் சற்றும் சிரிக்காமல் கால்குலேட்டரை இழுத்துத் தட்டத் தொடங்கினான். "ஞாயித்துக்கிழமை பிரியாணியா, சாதாச் சமையலா?" என்று நிமிர்ந்து கேட்டான். ஜெரூஷா சிரித்தாள். வாசலில் தண்ணீர்ப் புட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்குலேட்டரை அவன் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"இங்க பாருங்க. என் கூலி வேண்டாம்னு நான் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது. இதுவரைக்கும் நீங்க சொல்லலை, அதனால நான் சொல்றேன். வேண்டாம். இப்ப எது கம்மி?"

"வீட்டுல செய்யறது" என்றான்.

"அப்ப சனிக்கிழமை காலையில வந்துடுங்க. உங்க கூலி?"

"வேண்டாங்க" என்றான், அவள் கேட்டு முடிப்பதற்குள்.

சனிக்கிழமை காலையிலேயே கிறிஸ்டிக்குச் சொன்னபடி தலைவலி வந்தது. ஆரோனுக்கு மட்டும் உண்மையிலேயே வயிற்று வலி. சேலையூரில் ஜெரூஷாவின் வீட்டு அடுப்படியில் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் மெழுகு கண்ணாடி போல உருகிக்கொண்டிருந்தது. ஜெரூஷா கிளறினாள். ஜோஸ்வின் வாசனை எண்ணெயை அளந்துகொண்டிருந்தான். அவளுடைய அம்மா தபீதாள், சாப்பாட்டு மேசையில் ஒரு முறம் பீன்ஸோடு உட்கார்ந்து, பீன்ஸையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பண்டிகை முடிஞ்சு கோயம்புத்தூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க" என்றாள் தபீதாள். "வர்றவங்க கையில கொடுக்க நல்லதா ஏதாவது வேணும். உங்க கடையில என்ன இருக்கு?"

ஜோஸ்வின் அளவுக் குப்பியைப் பார்க்காமலே சாய்த்தான். சந்தன எண்ணெய் பாத்திரத்தில் பாதி, மேடையில் பாதி விழுந்தது. அறுபது ரூபாய்க்காவது போயிருக்கும். அதை அவன் கணக்குப் பார்க்கவில்லை.

ஜெரூஷா அடுப்பைச் சின்னதாக்கினாள். "அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடும்மா."

"ஏண்டி, நல்ல குடும்பம்னு நீதானே தலையாட்டினே?"

"நல்ல குடும்பம்தான். எனக்குக் கட்டுப்படியாகாது."

"அது என்ன புதுசா, கடைக்காரி மாதிரி பேசுற?"

ஜெரூஷா கரண்டியைத் தட்டிவிட்டு, அச்சுகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. இதை ஜோஸ்வின் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறான், உச்சஸ்தாயி வரும் இடங்களில். அடுப்படி முழுக்கச் சந்தனம் மணந்தது. இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது.

"ஆன்ட்டி" என்றான். "அப்பாவையும் அம்மாவையும் ஒரு நாள் இங்க கூட்டிட்டு வரட்டுமா? ஜெரூஷாவுக்குச் சம்மதம்னா."

தபீதாள் மகளைப் பார்த்தாள். மகள் அச்சைப் பார்த்தாள். "அவங்க வரட்டும்மா" என்றாள் அச்சிடம்.

தபீதாள் ஒரு பீன்ஸை நார் உரித்து முடித்தாள்.

"உங்க வீட்டுல எத்தனை பேர் தம்பி?"

"நாலு பேர் ஆன்ட்டி."

"சமையல் யாரு?"

"காலையில அம்மா. ராத்திரி கடையைக் கிறிஸ்டிகிட்ட விட்டுட்டு வந்து நான் செய்வேன். அப்பா பாத்திரம் கழுவுவார், ஆனா திட்டிக்கிட்டே கழுவுவார்."

"நீங்க செஞ்சு மத்தவங்க சாப்பிடறாங்களா?"

"வேற வழி இல்லாததால சாப்பிடறாங்க ஆன்ட்டி."

தபீதாளின் உதடு ஓரமாக அசைந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முறத்தையும் கத்தியையும் அவன் பக்கம் நகர்த்தினாள். "இதை நறுக்குங்க, பாப்போம்."

ஜோஸ்வின் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நான்கு பீன்ஸை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து நறுக்கத் தொடங்கினான். தபீதாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். ஜெரூஷா உருகிய மெழுகை அச்சில் ஊற்றிக்கொண்டே திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பொடிசா" என்றாள்.